நிகாஹ் நடந்தது, திருமணம் நடந்ததா?



"இலண்டன் மாப்பிள்ளை" என்றதும் நம் வீடுகளில் எத்தனையோ கேள்விகள் எழுகின்றன. என்ன தொழில், எவ்வளவு வருமானம், குடும்பம் எப்படி, தொழுகை உண்டா, குணம் எத்தகையது என்றெல்லாம் நாலு பேரிடம் விசாரிக்கிறோம். இவை அனைத்தும் கேட்க வேண்டிய கேள்விகளே. ஆயினும், கேட்கப்படாமலே விடுபட்டுப் போகும் கேள்வி ஒன்றுண்டு. "அங்கே வைத்து நிகாஹ் செய்வதானால், அது அந்நாட்டுச் சட்டப்படியும் பதியப்படுமா?" என்பதே அது.

இதைக் கேளாமல் விடுவதன் விளைவு சிறியதன்று. வலீயும் சாட்சிகளும் இருக்க, மஹர் பேசி, ஈஜாப் கபூல் நிறைவேறி, அல்லாஹ்வின் முன்னிலையில் மனைவியாகிவிட்ட ஒரு பெண், இங்கிலாந்து நீதிமன்றத்தின் முன் "சேர்ந்து வாழ்ந்தவள்" என்ற பெயரோடு நிற்க நேரிடுகிறது. திருமணமே வேண்டாம் என்று ஆணும் பெண்ணும் ஒரே வீட்டில் குடியிருக்கும் வழக்கம் மேலை நாடுகளில் இருக்கிறதல்லவா? அவர்களையும் இவளையும் அந்நாட்டுச் சட்டம் ஒரே வரிசையில்தான் வைக்கிறது.

ஆகவே, "மணமாகாமல் சேர்ந்து வாழ்வோருக்கு என்ன உரிமை உண்டு என்பது நமக்கெதற்கு?" என்று எவரும் கேட்டுவிட வேண்டாம். அந்தச் சட்டம் நம் பிள்ளைகளில் பலரைத் தொடுகிறது. பிரித்தானியாவின் சனல் 4 தொலைக்காட்சி 2017இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், அங்கு மணமான முஸ்லிம் பெண்கள் ஏறத்தாழ 900 பேரிடம் கேட்கப்பட்டபோது, பத்தில் ஆறு பேர் நிகாஹோடு நின்றுவிட்டதாகவும், தனியாகப் பதிவுத் திருமணம் செய்யவில்லை என்றும் தெரியவந்தது.

இங்கே ஒரு சட்டம், அங்கே ஒரு சட்டம்

இந்தத் தவறான எண்ணம் எங்கிருந்து பிறக்கிறது? நமது நாட்டுச் சட்டத்திலிருந்துதான். 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் நிகாஹைப் பதிய வேண்டுமென்று கூறுகிறது. ஆனாலும் அதன் 16ஆம் பிரிவின்படி, ஷரீஆ முறைப்படி செல்லுபடியாகும் ஒரு நிகாஹ், பதியப்படவில்லை என்ற ஒரே காரணத்தால் செல்லுபடியற்றதாகிவிடாது. பதிவில்லாத மனைவிக்குத் தன் திருமணத்தை நிரூபிப்பதில் சிரமம் இருக்கலாம். ஆனால் நிரூபித்துவிட்டால் அவள் மனைவியே. காதி நீதிமன்றத்தில் மஹரும் தாபரிப்பும் கேட்க அவளுக்கு வழியுண்டு.

இந்தப் பழக்கத்தில் வளர்ந்த நாம், "நிகாஹ் முடிந்தால் எல்லாம் முடிந்தது, பதிவு வெறும் கடதாசி வேலை" என்று நினைக்கிறோம். அந்த நினைப்பையும் பெட்டியில் வைத்து விமானத்தில் கொண்டுபோய் விடுகிறோம்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நிலைமை வேறு. 1753இல் ஹார்ட்விக் பிரபுவின் சட்டம் வந்த நாள்தொட்டு, திருமணம் எங்கே, எவர் முன்னிலையில், எம்முறையில் நடக்க வேண்டும் என்பதை அந்நாட்டு அரசே வரையறுத்து வந்திருக்கிறது. இன்று நடைமுறையிலிருப்பது 1949ஆம் ஆண்டின் விவாகச் சட்டம். ஆணும் பெண்ணும் பதிவு அலுவலகத்திற்கு நேரில் சென்று முன்னறிவித்தல் கொடுக்க வேண்டும். அதன்பின் 28 நாட்கள் காத்திருக்க வேண்டும். திருமணம் நடக்கும் இடம் பதிவு அலுவலகமாகவோ, அதற்கென அனுமதி பெற்ற மண்டபமாகவோ, திருமணங்களுக்கெனப் பதியப்பட்ட வணக்கத்தலமாகவோ இருக்க வேண்டும். பதிவாளரோ அதிகாரம் பெற்ற ஒருவரோ அங்கே இருக்க வேண்டும். சட்டம் கூறும் வாக்குறுதி வார்த்தைகளை இருவரும் இரு சாட்சிகள் முன் சொல்ல வேண்டும்.

இவை எதுவுமின்றி வீட்டின் முன்னறையிலோ, விருந்து மண்டபத்திலோ, இதற்கெனப் பதியப்படாத பள்ளிவாசலிலோ நடக்கும் நிகாஹ், மார்க்கப்படி எவ்வளவு முழுமையாக இருந்தாலும் அந்தச் சட்டத்தின் கண்ணுக்குத் தெரிவதில்லை. பள்ளிவாசல் பதியப்பட்டதாக இருந்தாலும்கூட, முன்னறிவித்தலும் அதிகாரம் பெற்றவரும் இல்லாமல் இமாம் ஓதிவைத்தால் அதுவும் அப்படித்தான்.

அதேவேளை இன்னோர் உண்மையையும் கவனியுங்கள். இலங்கையில் வைத்து, இலங்கைச் சட்டப்படி செல்லுபடியாகும் விதத்தில் நடந்த நிகாஹைப் பொதுவாக இங்கிலாந்துச் சட்டம் திருமணமாக ஏற்றுக்கொள்கிறது. ஆக, அக்குறணையில் நடந்த நிகாஹ் இலண்டனில் செல்லும். இலண்டனில் ஒரு மண்டபத்தில் நடந்த அதே நிகாஹ் இலண்டனிலேயே செல்லாது. விந்தையாகத் தோன்றினாலும் உண்மை இதுவே.

பதினெட்டு ஆண்டு வாழ்வும் ஒரு தீர்ப்பும்

இலண்டனின் மேற்கே சவுத்ஹோல் என்னும் பகுதியில், ஓர் உணவகத்தில் 1998இல் ஒரு நிகாஹ் நடந்தது. இமாம் நடத்திவைத்தார். உறவினரும் நண்பர்களுமாக நூற்றுக்கும் மேற்பட்டோர் கூடியிருந்தனர். பதிவுத் திருமணத்தைப் பிறகு செய்துகொள்வோம் என்பது அன்றைய எண்ணம். மனைவி பின்னர் பலமுறை அதைக் கேட்டாள். அது நடக்கவேயில்லை. நான்கு பிள்ளைகள் பிறந்தனர். இடையில் துபாயிலும் குடியிருந்தனர். அங்கே கணவன் மனைவியாகவே ஏற்கப்பட்டனர். 2016இல் பிரிந்தபோது அப்பெண் விவாகரத்துக் கோரி நீதிமன்றம் சென்றாள். "சட்டப்படி நமக்குள் திருமணமே நடக்கவில்லையே, எதை இரத்துச் செய்வது?" என்பது எதிர்த்தரப்பின் வாதமாயிற்று.

2018இல் உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர், இது செல்லாத் திருமணம் என்று தீர்ப்பளித்தார். இது அப்பெண்ணுக்குச் சாதகமான தீர்ப்பேயாகும். ஏனெனில் ஒரு திருமணம் செல்லாது என்று தீர்க்கப்பட்டாலும், 1973ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் சொத்திலும் வருமானத்திலும் பங்கு கேட்க முடியும். ஆனால் சட்டமா அதிபர் மேன்முறையீடு செய்தார். 2020 பெப்ரவரியில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. நடந்தது செல்லாத் திருமணம்கூட இல்லை. சட்டத்தின் கணக்கில் சேராத ஒரு சடங்கு மட்டுமே என்று அது கூறிற்று. திருமணமே இல்லையென்றால் அதை இரத்துச் செய்யவும் முடியாது. இரத்து இல்லையென்றால் பங்கு கேட்கவும் முடியாது.

அத்தம்பதியினர் தமக்குள் இணக்கத்துக்கு வந்துவிட்டதாகக் கூறப்படுகிறது. ஆனால் அத்தீர்ப்பு மற்ற எல்லோருக்குமாக நிலைத்து நிற்கிறது.

"இத்தனை வருடம் வாழ்ந்தேனே!"

மணமாகாமல் சில ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்தால் தானாகவே மனைவியின் உரிமை வந்துவிடும் என்று இங்கிலாந்து மக்களிலேயே பலர் நம்புகிறார்கள். "கொமன் லோ வைஃப்" என்று அதற்கொரு பெயரும் வைத்திருக்கிறார்கள். அப்படியொரு நிலை அந்நாட்டுச் சட்டத்தில் இல்லை. இரண்டு வருடம் வாழ்ந்தாலும் இருபது வருடம் வாழ்ந்தாலும் இல்லை.

1984இல் தீர்க்கப்பட்ட பேர்ன்ஸ் வழக்கு இதற்குப் பெயர்போன உதாரணம். ஒரு பெண் ஒருவரோடு 19 ஆண்டுகள் மணமாகாமல் வாழ்ந்தார். இரு பிள்ளைகளை வளர்த்தார். வீட்டைப் பராமரித்தார், பிற்காலத்தில் உழைத்த பணத்தில் வீட்டுச் செலவைக் கவனித்தார், வீட்டுப் பொருட்கள் வாங்கினார், சுவர்களுக்கு வர்ணம் பூசினார். ஆனால் வீடு அம்மனிதரின் பெயரில் இருந்தது. அதை வாங்கிய பணமும் அவருடையது. பிரிந்தபோது அப்பெண்ணுக்கு அந்த வீட்டில் ஒரு பங்கும் கிடைக்கவில்லை. இது நியாயமா என்றால், அதைச் சரிசெய்ய வேண்டியது பாராளுமன்றமே என்று நீதிபதிகள் கூறிவிட்டனர்.

நமது சகோதரிகளை எண்ணிப் பாருங்கள். வீட்டையும் பிள்ளைகளையும் பொறுப்பேற்று, கணவன் தன் பெயரில் வாங்கிய வீட்டில் வாழ்வோர் எத்தனை பேர்! சட்டப்படி மணமான மனைவியாக இருந்தால், விவாகரத்தின்போது நீதிமன்றம் அவளுடைய இல்லப் பணியையும் ஓர் உழைப்பாகவே மதிக்கிறது. வீடு எவர் பெயரில் இருந்தாலும் அதைப் பங்கிடவும், ஓய்வூதியத்தில் பங்கு தரவும், தாபரிப்புச் செலுத்தச் செய்யவும் அதற்கு அதிகாரமுண்டு. நிகாஹ் மாத்திரம் செய்தவளுக்கு இந்தக் கதவுகள் மூடியிருக்கின்றன. வீட்டு உறுதியில் தன் பெயர் இருந்தாலோ, வீடு வாங்கப் பணம் கொடுத்ததையோ இருவருக்குமிடையிலான உடன்பாட்டையோ நிரூபிக்க முடிந்தாலோ மட்டுமே அவளுக்குப் பங்கு கிடைக்கலாம்.

ஷரீஆ கவுன்சில்களை நாடும் சகோதரிகள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். அவை மார்க்கப்படி பஸ்ஹு அல்லது குல்உ பெற உதவலாம். ஆனால் வீட்டைப் பங்கிட்டுக் கொடுக்கும் சட்ட அதிகாரம் அவற்றிற்கு இல்லை.

மௌத்துக்குப் பின்

பிரிவில் மட்டுமல்ல, மரணத்திலும் இந்த வேறுபாடு கடுமையானது. வஸிய்யத் எழுதாமல் ஒருவர் இறந்துவிட்டால், பதிவுத் திருமணம் செய்த மனைவிக்கே சட்டம் முதலிடம் தருகிறது. பிள்ளைகள் இல்லையென்றால் முழுச் சொத்தும் அவளுக்கு. பிள்ளைகள் இருந்தால், 2023 ஜூலையிலிருந்து உள்ள கணக்குப்படி, வீட்டுப் பொருட்களும் முதல் 322,000 பவுணும், மீதியில் பாதியும் அவளுக்கு. நிகாஹ் மாத்திரம் செய்தவளுக்கோ அந்த வரிசையில் இடமே இல்லை. பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கும், இல்லையென்றால் இறந்தவரின் பெற்றோருக்கும், அவர்களும் இல்லையென்றால் சகோதர சகோதரிகளுக்கும் சொத்துப் போகும்.

அவளுக்கு ஒரு சிறு வழியுண்டு. இறப்பதற்கு முந்திய இரண்டு ஆண்டுகள் முழுவதும் கணவன் மனைவியாக ஒரே வீட்டில் வாழ்ந்திருந்தால், 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் நீதிமன்றத்திடம் வாழ்க்கைச் செலவுக்கு உதவி கேட்கலாம். ஆனால் அது வழக்காடிப் பெற வேண்டியது. தானாக வரும் பங்கன்று. மரபுரிமை வரியிலும் இதே கதைதான். மனைவிக்குப் போகும் சொத்துக்கு வரியில்லை. சேர்ந்து வாழ்ந்தவளுக்கு வஸிய்யத் மூலம் போனால், பொதுவாக 325,000 பவுணுக்கு மேற்பட்ட தொகைக்கு 40 சதவீதம் வரி உண்டு.

இவ்விடத்தில் நம்மவர் அனைவருக்கும், பதிவுத் திருமணம் செய்தவர்களுக்கும்கூட, ஒரு வார்த்தை. வஸிய்யத் எழுதாவிட்டால் அங்கே சொத்து அந்நாட்டுச் சட்டப்படி பிரியுமேயன்றி, மார்க்கம் விதித்த வாரிசுப் பங்குகளின்படி பிரியாது. பிள்ளைகளுள்ள ஒருவரின் வயோதிப வாப்பாவுக்கும் உம்மாவுக்கும் அச்சட்டத்தில் பங்கே இல்லை. ஆனால் முறைப்படி வஸிய்யத் எழுதினால், பங்குகளை மார்க்கப்படி அமைத்துக்கொள்ள அச்சட்டம் இடமளிக்கிறது. இன்னொன்று: திருமணத்துக்கு முன் எழுதிய வஸிய்யத், பதிவுத் திருமணம் நடந்ததும் பொதுவாக இரத்தாகிவிடும். அதனால் மீண்டும் எழுத வேண்டும்.

பிள்ளைகளும் மஹரும்

பிள்ளைகளின் உரிமை இதனால் பறிபோவதில்லை. பெற்றோர் சட்டப்படி மணந்தவர்களா என்று பாராமல், தந்தை பிள்ளைக்குச் செலவு கொடுத்தாக வேண்டும். தந்தையின் சொத்திலும் பிள்ளைக்குப் பங்குண்டு. 1989ஆம் ஆண்டின் பிள்ளைகள் சட்டப்படி, பிள்ளை வளரும்வரை குடியிருக்க வீடொன்றைக்கூட நீதிமன்றம் ஒதுக்கலாம். ஆனால் பொதுவாகப் பிள்ளை வளர்ந்ததும் அந்த வீடு தந்தைக்கே திரும்பும். அது பிள்ளையின் உரிமை, தாயின் உரிமையன்று. தந்தையரும் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. சட்டப்படி மணமாகாத தந்தைக்குப் பிள்ளை மீதான பெற்றோர் பொறுப்பு தானாக வராது. 2003 டிசம்பர் முதலாம் திகதிக்குப் பின் பதியப்பட்ட பிறப்பில், பத்திரத்தில் அவர் பெயர் இருந்தால் வரும்.

மஹரைப் பொறுத்தவரை ஒரு நல்ல செய்தியுண்டு. இங்கிலாந்து நீதிமன்றங்கள் மஹரை ஓர் ஒப்பந்தக் கடனாகப் பார்க்கின்றன. பதிவுத் திருமணம் நடைபெறாத ஒரு நிகாஹில் பேசிய 15,000 பவுண் மஹரைக் கணவன் செலுத்த வேண்டும் என்ற தீர்ப்பை 2009இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் மாற்ற மறுத்தது. ஆக, மஹரை எழுத்தில் வைப்பவள் அதையாவது பெறுகிறாள். சபைக்காக ஒரு சிறு தொகையைச் சொல்லிவிட்டு, எழுதாமல் எழுந்துபோகும் வழக்கம் நம்மிடம் இருக்கிறதே, அதன் விலையை இங்கேதான் கொடுக்கிறோம்.

சொல்லப்படும் காரணங்கள்

பதிவைத் தவிர்ப்போர் சில காரணங்களைச் சொல்கிறார்கள்.

"நிகாஹே போதும், கடதாசி எதற்கு?" என்பது முதலாவது. மார்க்கத்தில் நிகாஹ் நிறைவேற நிகாஹே போதும் என்பதில் ஐயமில்லை. ஆனால் தவணைக் கடனைக்கூட எழுதிச் சாட்சி வைக்கும்படி சூரத்துல் பகராவின் 282ஆம் வசனம் எவ்வளவு விரிவாகப் பணிக்கிறது! திருக்குர்ஆனிலேயே மிக நீளமான வசனம் அதுவல்லவா? சில ஆயிரம் ரூபாய்க் கடனுக்கு எழுத்துத் தேவையென்றால், ஒரு பெண்ணின் வாழ்வுக்கும் இல்லிடத்துக்கும் தேவையில்லையா?

"பதிந்தால் பிரியும்போது பாதிச் சொத்தை எடுத்துவிடுவாள்" என்பது இரண்டாவது. நியாயமான அச்சமென்றால் அதற்கு நேரான வழி உண்டு. திருமணத்துக்கு முன் இருவரும் சட்டத்தரணிகளின் ஆலோசனையோடு எழுத்து மூலம் உடன்பாடு செய்துகொள்ளலாம். இருதரப்பும் விளங்கி, விரும்பிச் செய்த உடன்பாட்டுக்கு நீதிமன்றம் பெரும் மதிப்பளிக்கும் என்று பிரித்தானிய உயர்மட்ட நீதிமன்றம் 2010இல் கூறியிருக்கிறது. அதைப் பேச வெட்கப்பட்டு, மனைவி அறியாத விதத்தில் அவளை உரிமையற்றவளாக்கி வைப்பது நேர்மையாகாது.

"பிறகு செய்வோம்" என்பது மூன்றாவது. மேலே சொன்ன வழக்கில் அந்தப் "பிறகு" பதினெட்டு ஆண்டுகளாகியும் வரவில்லை.

வெளியே சொல்லப்படாத காரணமும் ஒன்றுண்டு. சிலருக்கு அங்கே ஏற்கெனவே ஒரு பதிவுத் திருமணம் இருக்கும். இங்கிலாந்தை நிரந்தர வாழ்விடமாகக் கொண்ட ஒருவர், அங்கே மனைவி இருக்க, இலங்கையில் வந்து இரண்டாவது நிகாஹ் செய்தாலும் அதை அந்நாட்டுச் சட்டம் செல்லுபடியானதாக ஏற்காது. பெண்ணைக் கொடுப்போர் இதனைத் தெளிவாக விசாரித்தறிய வேண்டும்.

செய்ய வேண்டியவை

வலீமார்களே! நிகாஹ் இலங்கையிலென்றால் அன்றே விவாகப் பதிவைச் செய்து, அத்தாட்சிப் பத்திரத்தின் உறுதிப்படுத்திய பிரதியையும் ஆங்கில மொழிபெயர்ப்பையும் மகளின் கையில் கொடுங்கள். நிகாஹ் அங்கேயென்றால் பதிவுத் திருமணம் முதலில், அல்லது அதே நாளில் என்று பேசி முடியுங்கள். பதியப்பட்ட பள்ளிவாசலில், அதிகாரம் பெற்றவர் முன்னிலையில் இரண்டையும் ஒரே சபையில் நிறைவேற்றலாம். "பிறகு" என்பதற்கு உடன்படாதீர்கள். ஷரீஆ நடைமுறைகளை ஆராய்ந்து 2018இல் வெளியான சுயாதீனக் குழுவின் அறிக்கையும் இதையே பரிந்துரைத்தது.

அங்கே நிகாஹ் மாத்திரம் செய்து வாழும் தம்பதியரே! இன்றுகூடக் காலம் கடந்துவிடவில்லை. பதிவு அலுவலகத்தில் முன்னறிவித்தல் கொடுத்துப் பதிவுத் திருமணம் செய்துகொள்ளுங்கள். உங்கள் நிகாஹ் அப்படியே இருக்கிறது. அதைப் புதுப்பிக்க வேண்டியதில்லை. அதுவரை, வீட்டு உறுதியில் இருவர் பெயரையும் சேர்த்து, எவருக்கு எவ்வளவு பங்கு என்பதை எழுதுங்கள். வஸிய்யத் எழுதுங்கள். ஓய்வூதியத்துக்கும் காப்பீட்டுக்கும் பெயர் குறிப்பிடுங்கள்.

ஸ்கொட்லாந்தில் வாழ்வோர் அங்குள்ள சட்டத்தைத் தனியாக விசாரிக்க வேண்டும். 2006ஆம் ஆண்டின் சட்டமொன்று அங்கே சேர்ந்து வாழ்ந்தோருக்குச் சில கோரிக்கைகளுக்கு இடமளித்திருக்கிறது. இங்கிலாந்திலும் அவ்வாறு செய்ய வேண்டுமென 2007இல் சட்ட ஆணைக்குழு பரிந்துரைத்தது, அப்பரிந்துரை சட்டமாகவில்லை. 2024 தேர்தலில் தொழிற்கட்சியும் தன் விஞ்ஞாபனத்தில் இதுபற்றி வாக்களித்தது. ஓர் அரசியல் வாக்குறுதியை நம்பி மகளின் எதிர்காலத்தை அடகு வைக்க எந்தத் தகப்பனும் துணியமாட்டார்.

உலமாக்களாகிய நமக்கும் இதில் பொறுப்புண்டு. நிகாஹ் சபையில் அமர்ந்து மஹர் எவ்வளவு என்று கேட்கும் நாம், "பதிவுக்கு என்ன ஏற்பாடு?" என்பதையும் சேர்த்துக் கேட்போம். விடை தெளிவாக இல்லையென்றால் குத்பா ஓதுவதைத் தாமதிப்போம். சபையில் சில நிமிடங்கள் சங்கடம் உண்டாகலாம். பல வருடங்களுக்குப் பின் ஒரு சகோதரி பிள்ளைகளோடு வீதியில் நிற்பதைவிட அந்தச் சங்கடம் இலேசானது.

திருமணத்தை வலுவான உடன்படிக்கையாகக் காட்டிய மார்க்கம் நம்முடையது. அந்த உடன்படிக்கை நாம் வாழும் மண்ணின் நீதிமன்றத்திலும் வலுவாக நிற்கும்படி செய்வது, அந்த அமானிதத்தைப் பேணுவதன் ஒரு பகுதியாகும். அல்லாஹ் நம் குடும்பங்களை அநீதியிலிருந்து பாதுகாப்பானாக! ஆமீன்.